வடக்கே சூலம்

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த அலுவலகம் எது என்று சொல்லப்போவதில்லை. என்னோடு அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் பென்ஷன் வாங்கிக்கொண்டு, காலையில் வாய்க்கால் கரையோரம் நடை போகிறார்கள். அவர்களை இழுத்துவைத்துத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டவேண்டிய ஆட்களில் முதல் ஆள் நான்தான்.

அகதிகள் பிரிவுக்கு என்னை மாற்றியதே ஒரு தண்டனை. மேலதிகாரியின் மச்சினர் ஒருவர் ஏதோ சான்றிதழுக்கு வந்தவர், வரிசையில் நிற்காமல் நேரே என் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். வரிசையில் நின்றால் கால் தேய்ந்துபோகுமோ என்று கேட்டுவிட்டேன். நின்றிருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். மறுவாரமே மாற்றல் உத்தரவு வந்தது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். என் வாய் என்னைக் கக்கூஸுக்குப் பக்கத்து அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இலங்கையிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியவர்களை ஜில்லாவில் அங்கங்கே முகாம் போட்டு வைத்திருந்தார்கள். என் பொறுப்பில் இருந்தது அம்பாசமுத்திரம் சாலையில், ஊரைவிட்டுத் தள்ளி, ஒரு பழைய நெல் குடோன். ஐம்பது குடும்பத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் பழைய சேலையும் உரச்சாக்கும்தான் சுவர். மாதம் இரண்டு தடவை நான் பஸ் பிடித்துப் போய் அங்கே தலை எண்ணவேண்டும். எண்ணுகிற நேரத்தில் ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடவேண்டும். பெயரை அடித்தால் அரிசியும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. வெயிலில் வரிசையாக நிற்பார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். காய்ச்சலில் கிடக்கிறவனையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார்கள்.

ஒரு தலைவரைக் குண்டு வைத்துக் கொன்றார்களே, அதற்குப் பிறகுதான் இத்தனை கெடுபிடி. அதற்கு முன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள், பழைய துணி சேர்த்துக் கொடுத்தார்கள், "பாவம், நம்ம பிள்ளைக" என்றார்கள். அதற்குப் பிறகு அதே ஊர்க்காரர்கள், பஸ்ஸில் அவர்கள் பேச்சு காதில் விழுந்தால் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்கள். டவுணில் வாடகைக்கு இருந்த இரண்டு குடும்பத்தை வீட்டுக்காரர் ஒரே நாளில் சாமான்களோடு தெருவில் இறக்கிவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உத்தரவுகள் வாரத்துக்கு ஒன்றாக வந்தன. முகாமுக்கு வெளியே இருப்பவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் பெயர் பதியவேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பவேண்டும். வெளியூர் போக எழுத்துமூலம் அனுமதி வேண்டும். இன்னொரு முகாமுக்குப் போவதென்றால் அதற்குத் தனி அனுமதி. எதையும் எங்கேயும் உட்கார்ந்து யாரும் விவாதம் செய்ததாகத் தெரியவில்லை. மேலே ஒருவர் கையெழுத்துப் போட்டார். கீழே நான் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்தேன்.

நல்லவன் வேஷம் போடும் உத்தேசம் எனக்கில்லை. எனக்கு அவர்களைப் பிடிக்காது. அவர்களால்தான் எனக்கு இந்த மூத்திர நாற்றத்தில் உட்காரவேண்டிய தலையெழுத்து என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தலை எண்ணப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலேயே திட்டிக்கொண்டு போவேன். அவர்கள் என்னை "ஐயா" என்று கூப்பிட்டால் எரிச்சல் வரும், கூப்பிடாவிட்டாலும் எரிச்சல் வரும். அவர்களும் என்னை வெறுத்தார்கள். அது கண்ணில் தெரியும். நான் பெயர் கூப்பிடுவதை நிறுத்தி மூக்கைச் சிந்தினால்கூட, ஏதோ பழி சொல்லப்போகிறேன் என்று பார்ப்பார்கள்.

அந்தப் பெண் வந்தது அப்படி ஒரு சமயத்தில்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஏழு மாதம் வயிறு. மன்னார்ப் பக்கத்து வேதக்காரி, கழுத்தில் ஜெபமாலை தொங்கியது. புருஷன் பெயிண்ட் அடிக்கப் போவான். அந்த ஆள் வாயைத் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை. இவள்தான் பேசுவாள். அதுவும் கெஞ்சமாட்டாள். மற்றவர்கள் மனுவை இரண்டு கையாலும் நீட்டுவார்கள், இவள் மேஜைமேல் வைப்பாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். கடலைத் தாண்டி வந்தபோது இவளையும் இவள் அம்மாவையும் வேறு வேறு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இவள் எங்கள் முகாமுக்கு வந்தாள், அம்மா மதுரைக்கு வடக்கே ஒரு முகாமுக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை, வேறு பிள்ளை கிடையாது. அந்த நாட்களில் அகதிகளைக் கப்பலில் திருப்பி அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். விரும்புகிறவர்கள் மட்டும் போகலாம் என்று சொன்னார்கள். விருப்பத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். அம்மா அதை அரிசிக்கு என்று நினைத்து வைத்துவிட்டாள். பெயர் கப்பல் பட்டியலில் ஏறிவிட்டது.

அங்கே கொஞ்சம் ஈரமுள்ள அதிகாரி ஒருவர் இருந்திருக்கவேண்டும். மகள் நேரில் வந்து, அம்மாவை என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பெயரை எடுத்துவிடலாம், ஆனால் மூன்று வாரம் கழித்து வரும் சனிக்கிழமை பட்டியல் மேலே போய்விடும், அதற்குப் பிறகு தன் கையில் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அம்மா யாரையோ பிடித்து அதை இன்லண்ட் லெட்டரில் எழுதவைத்து அனுப்பியிருந்தாள். இவள் சனிக்கிழமைக்குள் அங்கே போய் நிற்கவேண்டும். நின்றால் அம்மா இங்கே இருப்பாள். இல்லையென்றால் ஒற்றைக் கண்ணோடு ஒரு கிழவி, சண்டை நடக்கிற ஊருக்குத் தனியாகக் கப்பல் ஏறவேண்டும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டுமே. மனு மூன்று பிரதி வேண்டும் என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினேன். கடிதத்தின் நகல் இல்லை என்று இன்னொரு தடவை. போலீஸ் ஸ்டேஷனில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கவேண்டும், அவர்கள் புருஷனைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள், அவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்ப் பெஞ்சில் காத்துக் கிடந்தான். ஒவ்வொரு தடவையும் இவள் அந்த வயிற்றோடு இரண்டு பஸ் மாறி வருவாள். வந்து, மூச்சு வாங்க நின்று, தாளை மேஜைமேல் வைப்பாள். இப்படியே பத்து நாள் ஓடிவிட்டது. இதெல்லாம் விதி, நான் என்ன செய்ய என்று அப்போது சொல்லியிருப்பேன். விதியில் அவளை உட்காரச் சொல்லக்கூடாது என்று எழுதியிருக்கவில்லை. நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை மத்தியானம் அதிகாரி கையெழுத்துப் போட்டார். புறப்படும் நாளிலிருந்து ஐந்து நாள் அனுமதி, வட்ட முத்திரை, எல்லாம் சரி. தாளை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்து, வழங்கல் பதிவேட்டில் எழுத உட்கார்ந்தேன். சுவரில் தேதி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் தாளை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். அது என் பழக்கம். எங்கள் வீட்டில் நாள் பார்க்காமல் நகம்கூட வெட்டமாட்டோம். செவ்வாய், சூலம் வடக்கு. புதன், சூலம் வடக்கு. அந்தத் திசையில் அந்த நாளில் பயணம் கிளம்பக்கூடாது. மதுரை எங்களுக்கு வடக்கு.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். என் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கே சூலம் இருக்கும்போது, ஆறு மாத வயிற்றோடு தென்காசிக்குக் கிளம்பிப் போனாள். போன இடத்தில் பிள்ளை தங்கவில்லை. சொல்லச் சொல்லக் கேட்காமல் சூலத்தில் கிளம்பினாள் என்று எங்கள் அம்மா சாகிறவரை அதையே சொல்லி அழுதாள். எனக்கு அது மனதில் ஆழமாகக் கிடந்தது. பத்து நாள் நாயாக அலைய விட்டேனே, இந்தப் பிள்ளைத்தாச்சிக்கு ஒரு நல்லதாவது செய்வோம் என்று தோன்றிவிட்டது. வியாழக்கிழமை வடக்கே போகலாம். வியாழன் காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிடலாம். நடுவில் வெள்ளி முழுசாக இருக்கிறது. சனிக்கிழமைக்கு என்ன அவசரம்?

ஆக, அந்தத் தாளை என் மேஜை டிராயரில் வைத்து மூடினேன்.

நாலரை மணிக்கு அவள் வந்தாள். சூலம் அது இது என்று அவளிடம் விளக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கையில் கொடுத்தால் அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிடுவாள், வடக்கே போய்ச் சேர்வதற்குள் செவ்வாய் பிறந்துவிடும் என்றும் நினைத்தேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருத்தருக்கு வேண்டிய தாளை வைத்துக்கொண்டு பிறகு வா என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஐயா இன்னும் கையெழுத்துப் போடவில்லை, வியாழக்கிழமை காலையில் துணிமணியோடு வந்துவிடு, வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடலாம் என்றேன்.

"வியாழன் எண்டால் காணுமோ ஐயா? சனிக்கிழமைக்கு முதல் நான் அங்க நிக்கவேணும்" என்றாள்.

"தாராளமாக் காணும். பைய போய்ச் சேரலாம், போ."

முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. "பெரிய உபகாரம் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பொட்டலம் அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நாள் முழுக்க அலுவலகம் திறந்திருந்தது, தாள் டிராயரில் இருந்தது, நான் அதன் முன்னால் உட்கார்ந்து வேறு தபால்களுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. கப்பல் அனுப்பும் வேலை முடியும்வரை ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு யாரும் போகக்கூடாது. கொடுத்திருந்தும் புறப்படாதவர்களின் அனுமதியை உடனே திரும்ப வாங்கி ரத்து செய்யவேண்டும். ஏற்கெனவே புறப்பட்டுப் போனவர்கள் வேலையை முடித்துக்கொண்டு, குறித்த தேதிக்குள் திரும்பிவிடவேண்டும். கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். திங்கட்கிழமை தாளைக் கொடுத்திருந்தால் அவள் இந்நேரம் அந்த வரிக்குள் இருந்திருப்பாள்.

எங்கள் ஹெட்கிளார்க் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், பூச்சி புழுவுக்குத் தீங்கு நினைக்காதவர், அகதிகளைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் விரித்தார். அந்தப் பெண் கையெழுத்துப் போடவேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"என்னவே, திங்கக்கிழமை ஐயா கையெழுத்துப் போட்டாச்சு. இன்னும் உம்ம டிராயர்லயா கிடக்கு?"

"நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன் அண்ணாச்சி. நேத்தும் இன்னைக்கும் வடக்க சூலம்லா. வாயும் வயிறுமா இருக்கா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, தலையை ஆட்டினார்.

"செஞ்சது சரிதான்வே. அவ விதி, நீரு என்ன செய்வீரு. கொண்டாரும், கேன்சல் அடிப்போம்."

அவர் அப்படி ஆறுதல் சொன்னது இருக்கிறதே, அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். நான் தாளை எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு மையில் குறுக்கே இரண்டு கோடு போட்டு, "ரத்து" என்று எழுதி, என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அதற்கு முன்னால் ஒரு கால் மணி நேரம் இருந்தது. உத்தரவு வந்ததற்கும் அவர் பதிவேட்டோடு வந்ததற்கும் நடுவில். அந்தக் கால் மணி நேரத்தில் பதிவேட்டில் வழங்கியாயிற்று என்று எழுதிவிட்டு, தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறியிருக்கலாம். எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியது. தாளைக் கையில்கூட எடுத்தேன். பிடிபட்டால் வேலை போகும், அகதிக்கு உடந்தை என்று கேஸ் போடுவார்கள், அந்தச் சமயத்தில் அப்படி நாலு பேர்மேல் போட்டுமிருந்தார்கள். பயந்துவிட்டேன். திருப்பி டிராயருக்குள் வைத்தேன். முதல் தப்பு முட்டாள்தனம், இரண்டாவது தப்பு கோழைத்தனம். இரண்டாவதற்குக் காலண்டர்மேல் பழி போட முடியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சூலம்னா ஒரு வாய்ப் பாலைக் குடிச்சிட்டுக் கிளம்ப வேண்டியதுதான? எங்க ஐயா யாவாரத்துக்குப் போவையில அப்படித்தான போவாங்க."

நான் நம்பவில்லை. அவள் எழுந்து போய் எங்கள் வீட்டுக் காலண்டரில் புதன்கிழமைத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். சூலம் வடக்கு. அதற்கு நேரே கீழே, பரிகாரம் பால். அத்தனை வருஷமாக மேல் வரியை மட்டும் படித்திருக்கிறேன். தடையைச் சொல்கிற வரியைப் படிப்பேன், போக வழி சொல்கிற வரியைப் படிக்கமாட்டேன். ஆபீசில் பழகிய கண் வீட்டிலும் அப்படித்தான் வேலை செய்திருக்கிறது. அன்றைக்கு அவள் சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை.

வியாழக்கிழமை காலையில் நான் போவதற்கு முன்னாலேயே அந்தப் பெண் வந்து ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் கையில் ஒரு துணிப்பை. இவள் கையில் ஒரு தூக்குவாளி, அம்மாவுக்கு மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். உள்ளே கூப்பிட்டு, மேலிருந்து உத்தரவு வந்துவிட்டது, இனிமேல் யாரும் போகமுடியாது என்றேன். குரலைத் தடிப்பாக வைத்துக்கொண்டு சொன்னேன். அப்படிச் சொன்னால் எதிராளி கேள்வி கேட்கமாட்டான் என்பது எங்களுக்குப் பழக்கம்.

அவள் கேள்வி கேட்கவில்லை. மேஜையைப் பார்த்தாள். அந்தத் தாள் அங்கேயே கிடந்தது, சிவப்புக் கோட்டோடு. நான் அதை மறைத்து வைத்திருக்கவேண்டும், அதற்குக்கூடத் துப்பில்லை. அவள் குனிந்து அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் படித்தாள்.

"இது திங்கட்கிழமைத் தேதி."

"ஆமா."

"திங்கட்கிழமை நான் வந்தனான். கையெழுத்து இல்லை எண்டு நீங்கள் சொன்னீங்கள்."

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. ஏனோ வரவில்லை. செவ்வாயும் புதனும் வடக்கே பயணம் ஆகாது, வயிற்றுப்பிள்ளையோடு போனால் கெடுதல் வரும் என்று நான்தான் எடுத்து வைத்தேன், உனக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே என் காதுக்கே அது அசிங்கமாக இருந்தது.

புருஷன்காரன் என்மேல் பாய்வான் என்று நினைத்தேன். அவன் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவள்தான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"நாங்கள் வள்ளத்தில ஏறினது என்ன கிழமை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. சுட்டவங்கள், ஏறினனாங்கள். நீங்கள் ஆர் எனக்கு நாள் பாக்கிறதுக்கு?"

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பிறகு அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். ஹெட்கிளார்க் அடுத்த அறையிலிருந்து, இவர்களுக்கெல்லாம் எவ்வளவு திமிர் பாரும் என்றார். நான் அவரிடம் அன்றைக்கு முதல் தடவையாக வாயை மூடும் என்று சொன்னேன். அவர் ஓய்வு பெறும்வரை என்னோடு பேசவில்லை. நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு நான் எதுவுமே செய்யவில்லை என்று சொல்லமுடியாது. அந்த முகாம் அதிகாரிக்கு அன்றைக்கே தந்தி கொடுத்தேன், மகள் வரமுடியாத நிலை, கிழவியின் பெயரை எடுக்கவும் என்று. அலுவலகத்தின் பெயரில் கொடுக்கத் தைரியமில்லாமல் அவள் புருஷன் பெயரில் கொடுத்தேன். பதில் வரவில்லை. நேரில் வரவேண்டும் என்பதுதானே அங்கே விதி. சனிக்கிழமை பட்டியல் போயிற்று. மூன்று வாரத்தில் கப்பலும் போயிற்று. அம்மா அதில் போனாள்.

நான் வழக்கம்போல மாதம் இரண்டு தடவை தலை எண்ணப் போனேன். பெயர் கூப்பிட்டால் அவள் முன்னால் வந்து நிற்பாள், அட்டையை நீட்டுவாள். என் முகத்தைப் பார்ப்பாள். திட்டினால்கூட நான் ஏதாவது பேசியிருப்பேன், அவள் திட்டவே இல்லை. மற்றவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நான் உட்காரும் நாற்காலியை முன்பெல்லாம் நிழலில் போட்டு வைப்பார்கள், அதற்குப் பிறகு குடோனுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். நானே தூக்கிக்கொண்டு வந்து போட்டுக்கொள்வேன். ஒரு தடவை அவள் இடத்தில் புருஷன் மட்டும் வந்து நின்றான். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது, எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள் என்றான். பிரசவத்துக்கு யார் கூட இருந்தார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கூட இருக்கவேண்டியவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

பிள்ளைக்கு நாலு மாதம் இருக்கும்போது அவள் ஆபீசுக்கு வந்தாள். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. புருஷன் வரவில்லை. அன்றைக்கு நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. அம்மாவை மன்னார்ப் பக்கம் ஒரு கொட்டகையில் வைத்திருக்கிறார்களாம், மற்றக் கண்ணும் மங்கிவிட்டதாம், கஞ்சியைக்கூட யாராவது கையில் எடுத்துக் கொடுக்கவேண்டியிருக்கிறதாம். அங்கிருந்து வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். அடுத்த கப்பலுக்குப் பெயர் எழுதவேண்டும் என்றாள். தனக்கும் பிள்ளைக்கும்.

புருஷன் போகவில்லையா என்று கேட்டேன். வாலிப ஆண்பிள்ளை அங்கே போய் இறங்கினால் அப்படியே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், அவன் இங்கேயே இருக்கட்டும் என்றாள். அங்கே இன்னும் சண்டை நடக்கிறது, கைக்குழந்தையோடு போகாதே, இன்னும் கொஞ்ச நாள் பொறு, நான் எப்படியாவது எழுதிப் போட்டு அம்மாவை இங்கே வரவழைக்க வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். வழி எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"நீங்கள் எழுதுங்கோ" என்றாள்.

படிவத்தை எடுத்தேன். இங்கிலீஷில் இருந்தது. வாசித்துச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பெயர், வயது, வந்த நாள், வந்த கரை. திரும்பிப் போக விரும்பும் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதட்டும் என்றேன். அம்மா என்றாள். அப்படி எழுதக்கூடாது, "சொந்த விருப்பம்" என்றுதான் எழுதவேண்டும், வேறு எதை எழுதினாலும் மேலே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன். சரி என்று தலையசைத்தாள். எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்காகத் தூங்குகிற பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அம்மாவைப்போலக் கைநாட்டு இல்லை, வடிவான எழுத்து.

அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. மேற்படி நபர் யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், தாமாகவே முன்வந்து நாடு திரும்புகிறார் என்பதற்குச் சாட்சி. அதில் அரசு ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். அந்த அறையில் அரசு ஊழியன் நான் ஒருவன்தான் இருந்தேன். அவள் பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றாள். போட்டேன்.